25 வருஷ மாந்தோப்பு: காய் எல்லாம் உச்சியில், கீழே நிழல் மட்டும். கவாத்து (கிளை வெட்டு) எப்போ, எவ்வளவு?

பர்கூர்_மா | ஜூலை 6, காலை 7.10

எல்லாருக்கும் வணக்கம். பர்கூர் பக்கம் 4 ஏக்கர் மாந்தோப்பு. 30 அடிக்கு 30 அடி இடைவெளி, ஏக்கருக்கு 48 மரம். முக்கால்வாசி கிளிமூக்கு ரகம், மிச்சம் நீலம், வரப்போரம் கொஞ்சம் செந்தூரா. அப்பா வெச்ச ஒட்டுக்கன்னு, இப்ப 25 வயசு. இத்தனை வருஷமும் குத்தகைக்கு விட்டிருந்தோம். இந்த வருஷம்தான் நானே பாக்க ஆரம்பிச்சிருக்கேன்.

ரெண்டு வரிசைக் கிளையும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு. மத்தியானம் 12 மணிக்கு உள்ள போனாலும் இருட்டு. தரையில புல்லுகூட முளைக்கிறதில்ல. காய் இருக்கிறதெல்லாம் உச்சியில 10 அடிக்குள்ளதான். அலக்கு போட்டுப் பறிக்கிறதுல பாதி கீழ விழுந்து அடிபடுது. 2025 சீசன்ல கிளிமூக்கு விலை கிருஷ்ணகிரியிலயும் சித்தூர்லயும் சரிஞ்சப்ப பறிகூலி, வண்டி வாடகை போக யாருக்கும் ஒண்ணும் நிக்கல. விலை நம்ம கையில இல்ல, சரி. பறிகூலியாவது குறையணும்னா மரம் கீழ இறங்கணும்.

அறுவடை முடிஞ்சுது, நீலம் மட்டும் கொஞ்சம் நிக்குது. இப்பவே வெட்டலாமா, மழை முடிஞ்சு வெட்டலாமா? ஒரே தடவையில 12 அடிக்கு இறக்கிடலாமா? பக்கத்துத் தோட்டக்காரர் "கல்டார் ஊத்து, மரம் தானா அடங்கும், வெட்டவே வேண்டாம்"னு சொல்றார், வளர்ச்சியை அடக்குற மருந்தாம் அது. பண்ணிப் பார்த்தவங்க சொல்லுங்க.

---

காவேரிப்பட்டணம்_தோட்டம் | ஜூலை 6, காலை 9.45

மழை முடியட்டும்னு மட்டும் காத்திருக்காதீங்க. அதுல ஒரு வருஷ மகசூலே போயிடும்.

மாமரத்துல பூ கிளை நுனியில வருது. அந்த நுனியும் முத்தின நுனியா இருக்கணும், துளிர் விட்டு குறைஞ்சது நாலு மாசமாவது ஆகியிருக்கணும். நம்ம பக்கம் டிசம்பர் கடைசி, ஜனவரியில பூக்குதுன்னா ஆகஸ்டுக்குள்ள துளிர்த்த கொழுந்துதான் அப்ப பூ தாங்கும். ஜூலையில வெட்டினா ஆகஸ்டு மழைக்குத் துளிர்க்கும், செப்டம்பர், அக்டோபர்ல இலை கரும்பச்சையாகும், நவம்பர்ல மரம் அடங்கி நிக்கும், பனி விழுந்ததும் பூ. அதையே அக்டோபர், நவம்பர்ல வெட்டினீங்கன்னா பூ வரவேண்டிய நேரத்துல செவசெவன்னு கொழுந்தா வரும். பாக்க அழகா இருக்கும், காய் இருக்காது.

கிளிமூக்கு, செந்தூரா ரெண்டையும் இந்த மாசமே ஆரம்பிங்க. நீலம் கடைசிக் காய் இறங்கின மறுநாளே கத்தி வைக்கணும், அதுக்குக் கிடைக்கிற நாள் ரொம்பக் கம்மி.

---

தோப்புக்காரன் | ஜூலை 6, பகல் 1.20

தம்பி, பெரியவன் சொல்றேன்னு கேளுங்க. காய்க்கிற மரத்துல கத்தி வைக்காதேன்னு எங்க அப்பா காலத்துல சொல்லுவாங்க. அது வெறும் பயத்துல சொன்னதில்ல. எங்க ஊர்ல ஒருத்தர் யாரோ சொன்னாங்கன்னு தோப்பு முழுக்க ஒரே மாசத்துல மொட்டையடிச்சார். மானாவாரி நிலம். அந்த வருஷம் மழை ஏமாத்திடுச்சு. வெட்டின கிளையில மேற்கு வெயில் நேரா அடிச்சு பட்டை வெடிச்சுது, வெடிப்புல தண்டு துளைப்பான் புழு பூந்துது. மூணு வருஷம் காயும் இல்ல, பத்துப் பன்னண்டு மரமும் போச்சு.

வெட்டவே கூடாதுங்கிறது என் கட்சி இல்ல. காஞ்ச கிளை, நோய்க் கிளை, ஒண்ணு மேல ஒண்ணு உரசுற கிளை, ஒட்டுக்குக் கீழ வர்ற போத்து, இதெல்லாம் எடுக்கத்தான் வேணும். ஆனா 12 அடிக்கு இறக்குறேன்னு சொல்றீங்களே, அதைத்தான் யோசிங்க. கிணத்துல தண்ணி எவ்வளவு இருக்குன்னு முதல்ல சொல்லுங்க.

---

பச்சைத்தழை | ஜூலை 6, இரவு 8.30

தோப்புக்காரன் ஐயா சொன்ன அனுபவம் உண்மையானது. அந்த சேதத்துக்குக் காரணம் வெட்டினது மட்டும் இல்லை. ஒரே தடவையில் எல்லா மரத்தையும் வெட்டியதும், வெட்டிய பின் பட்டையை மூடாமல் விட்டதும்தான். தோட்டக்கலை படித்துவிட்டு நாற்றங்கால், கவாத்துப் பயிற்சி என்று கிருஷ்ணகிரி, சேலம் தோட்டங்களில் வேலை செய்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரம் ஏன் உச்சியில் மட்டும் காய்க்கிறது? வெயில் சரியாகப் படாத இலை தனக்குச் செலவாகும் உணவைத் தயாரித்துக்கொள்வதே பெரிது, பூவுக்கும் காய்க்கும் மிச்சம் வைக்காது. 25 வருஷம் தொடாத மரத்தில் வெளிப்புறத்தில் ஐந்தாறு அடிக் கனத்துக்குத்தான் வேலை செய்யும் இலை இருக்கும். உள்ளே இருப்பது வெறும் கட்டை. அந்தக் கட்டைக்கும் மரம் உணவு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் தோப்பில் புல்லுகூட முளைக்கவில்லை என்றீர்களே, அதைவிடத் தெளிவான அளவுகோல் வேண்டாம். கவாத்து சரியாக முடிந்ததா என்று பார்க்க நான் செய்வதும் அதுதான்: நடுப்பகலில் மரத்தடியில் நின்று தரையைப் பார்ப்பேன். வெயில் திட்டுத்திட்டாக விழுந்து, காற்றில் அந்தத் திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

பூச்சி நோயும் இதோடு சேர்ந்ததுதான். தத்துப்பூச்சி பூக்காத மாதங்களில் இருட்டான தோப்புகளில் பட்டை இடுக்கில் ஒளிந்துகொண்டு பூ வந்ததும் ஏறிவிடும். அது சுரக்கும் தேன் மீதுதான் கரும்பூசணம் படிகிறது. சாம்பல் நோயும் காற்றோட்டமில்லாத இடத்தில் அதிகம். 30 அடி மரத்தின் உச்சிக்கு மருந்து அடித்தால் பாதி காற்றில் போகிறது, நடுக்கிளையில் படுவதே இல்லை.

முதல் வருஷம் செய்ய வேண்டியது உயரத்தைக் குறைப்பதல்ல, நடுவைத் திறப்பது. ஒவ்வொரு மரத்திலும் நட்டநடுவில் செங்குத்தாகப் போகும் ஒன்று அல்லது இரண்டு பெரிய கிளைகள் இருக்கும். பெரும்பாலும் மரத்தின் உயரமே அந்தக் கிளைகள்தான். அவற்றை அடியில், பிறக்கும் இடத்திலேயே எடுத்துவிடுங்கள். மரம் தானாகப் பல அடி இறங்கும், வெளிச்சம் கிண்ணத்துக்குள் விழுவதுபோல் உள்ளே இறங்கும். பக்கக் கிளைகள் அப்படியே இருப்பதால் அடுத்த வருஷக் காயும் பெரிதாகக் குறையாது.

வெட்டும் முறை முக்கியம். கனத்த கிளையை மேலிருந்து நேராக அறுத்தால் பாதி அறுக்கும்போதே தன் கனத்தால் முறிந்து, தாய்த்தண்டின் பட்டையை இரண்டடிக்கு உரித்துக்கொண்டு விழும். முதலில் அடியிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கீழ்ப்பக்கமாக மூன்றில் ஒரு பங்கு அறுங்கள். அதற்கு இன்னும் கொஞ்சம் வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக விழும். மிச்சமிருக்கும் மொட்டையைக் கடைசியில் தாய்த்தண்டை ஒட்டி எடுக்க வேண்டும். அங்கே கிளை பிறக்கும் இடத்தில் மோதிரம் போல ஒரு தடிப்பு இருக்கும், அதை விட்டுவிட்டு அறுத்தால் காயம் சீக்கிரம் மூடும். அன்றைக்கே போர்டோ பசை பூசிவிடுங்கள். 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர். துத்தத்தை இரும்புப் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது. புதிதாக வெயில் படும் கிளைகளுக்கு, முக்கியமாக மேற்குப் பார்த்த பக்கத்துக்கு, சுண்ணாம்பு அடித்துவிட்டால் ஐயா சொன்ன பட்டை வெடிப்பு வராது.

---

பர்கூர்_மா | ஜூலை 7, காலை 6.50

ரொம்ப நன்றிங்க. ஐயா, தண்ணி பத்திக் கேட்டீங்க. ஒரு போர்வெல் இருக்கு, சொட்டுநீர் போட்டிருக்கோம். மார்ச், ஏப்ரல்ல குறையும், வத்தினது இல்ல.

பச்சைத்தழை அவர்களே, நடுவைத் திறந்தாச்சுன்னு வைங்க. பக்கக் கிளைங்க எதிர் வரிசையோட பின்னிக் கிடக்கே, அதை எவ்வளவு இழுக்கணும்? நுனியை எங்க வெட்டணும்?

---

நத்தம்_மாந்தோப்பு | ஜூலை 7, காலை 10.05

நுனி வெட்டைப் பத்தி நான் சொல்றேன். திண்டுக்கல் மாவட்டம் நத்தம், எங்களது பெரும்பாலும் இமாம்பசந்து, கொஞ்சம் அல்போன்சா. வருஷா வருஷம் நுனிக் கவாத்து பண்றோம்.

மாங்கிளையைக் கையில புடிச்சுப் பாருங்க. ஒவ்வொரு தடவை துளிர் விட்டு நின்ன இடத்துலயும் கணு நெருக்கமா ஒரு வளையம் இருக்கும். அதுக்கு மேல வெட்டினா அந்த வளையத்துல இருக்கிற மொட்டெல்லாம் ஒண்ணாப் பொத்துக்கிட்டு ஆறு, ஏழு குச்சி விளக்குமாறு மாதிரி வரும். எல்லாம் மெலிசு, ஒண்ணுகூட காய் தாங்காது. வளையத்துக்குக் கொஞ்சம் கீழ வெட்டுங்க. அங்க மொட்டு தள்ளித் தள்ளி இருக்கும், குச்சி கம்மியா வரும், நல்லா விரிஞ்சு வரும். வந்ததுல வெளிப்பக்கம் பாத்த ரெண்டு மூணை விட்டுட்டு மிச்சத்தைக் கிள்ளிடணும். விரல் நீளம் இருக்கும்போதே கிள்ளிட்டா கத்தரிகூட வேண்டாம்.

போன சீசன் பூங்கொத்துக் காம்பு காஞ்சு நுனியில நிக்குமே, அதையும் இதோட எடுத்துடணும். அதை விட்டுட்டா அந்த நுனி லேட்டாத்தான் துளிர்க்கும். பொம்பளையாளுங்க கவாத்துக் கத்தரி வெச்சு சுலபமாப் பண்றாங்க, உயரம் எட்டுற மரமா இருந்தா.

வரிசைக்கு நடுவுல எவ்வளவு விடணும்னா, டிராக்டர் கிளையில இடிக்காமப் போகணும், அதுக்கு மேலயும் ரெண்டு மூணு அடி வெளிச்சம் விழணும்.

---

ஆயக்குடி_கொய்யா | ஜூலை 7, மாலை 4.40

மாம்பழக்காரங்க இழையில கொய்யாக்காரன் நுழையறேன். எங்க ஆயக்குடியில கவாத்து இல்லாம கொய்யாவே இல்ல. கொய்யாவுல பூ வர்றது புதுத் துளிர்லதான். பிப்ரவரி, மார்ச்லயும் செப்டம்பர், அக்டோபர்லயும் நுனியை அரை அடிக்குள்ள வெட்டுவோம். துளிர் வரும்போதே பூவும் சேர்ந்து வரும். மேல நிமிர்ந்து போற கிளையை வளைச்சுக் கயித்துல கட்டி முளைக்குச்சி அடிச்சு விட்டா அது நீளத்துக்கும் பக்கத் துளிர் வந்து காய் பிடிக்கும். சந்தைக்கு வரத்து கம்மியா இருக்கிற மாசம் பாத்துக் காயைக் கொண்டுவர முடியுது.

மாமரத்துலயும் அப்படி வெட்டி வெட்டி வருஷத்துக்கு ரெண்டு தடவை காய் எடுக்க முடியாதா?

---

பச்சைத்தழை | ஜூலை 7, இரவு 9.15

ஆயக்குடி நண்பரே, கொய்யாவின் கணக்கை மாவுக்குப் போட முடியாது. நீங்கள் சொன்னதிலேயே பதில் இருக்கிறது: கொய்யா புதுத் துளிரில் பூக்கும், மா முத்திய நுனியில் பூக்கும். கொய்யாவை எப்போது வெட்டினாலும் அது உங்களுக்குப் பூ. மாவை நேரம் தவறி வெட்டினால் அது உங்களுக்கு இலை. கொய்யாவில் 2 மீட்டருக்கு 1 மீட்டர் என்று ஹெக்டேருக்கு 5000 செடி வைத்து இடுப்பளவு உயரத்திலேயே காய் எடுக்கும் முறையை லக்னோவில் உள்ள மத்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் பரப்பியது. அது முழுக்க இந்தக் குணத்தை நம்பித்தான்.

மாவில் அடர் நடவு நிச்சயம் முடியும். ஆனால் அது நடும் நாளிலிருந்தே தொடங்கும் வேலை. 5 மீட்டருக்கு 5 மீட்டர் என்றால் ஏக்கருக்கு 160 மரம், 3க்கு 2 என்றால் 674. கன்று முழங்கால் தாண்டி இரண்டடி வந்ததும் தலையைக் கிள்ளி, நாலு திசைக்கு நாலு கிளை விட்டு, ஒவ்வொரு துளிருக்கும் மறுபடி கிள்ளி, முதல் மூன்று வருஷம் வரும் பூவையெல்லாம் உதிர்த்து வளர்க்க வேண்டும். 674 மரம் நட்டுவிட்டு இரண்டு வருஷம் கவாத்தை விட்டுவிட்டால், பர்கூர் நண்பருக்கு 25 வருஷத்தில் வந்த இருட்டு அவர்களுக்கு ஆறேழு வருஷத்தில் வந்துவிடும். அப்படி ஆன தோட்டங்களைப் பார்க்க வயிறு எரிகிறது. கன்றுக்கும் சொட்டுநீருக்கும் கொட்டிய பணம் அப்படி. நாற்று விற்பவர்கள் மரக்கணக்கைச் சொல்கிற அளவுக்கு வருஷாவருஷக் கத்தரி வேலையைச் சொல்வதில்லை. அதற்கு ஆள் இருந்தால் மட்டும் நெருக்கி நடுங்கள். ரகமும் பார்க்க வேண்டும். நீலமும் தசேரியும் சேர்ந்த ஆம்ரபாலி குட்டையாக நிற்கும், 2.5 மீட்டர் இடைவெளியிலும் தாங்கும். கிளிமூக்கு அவ்வளவு அடங்காது.

---

காவேரிப்பட்டணம்_தோட்டம் | ஜூலை 8, காலை 8.20

கல்டார் பத்தி யாரும் பேசல, நான் பேசறேன். எங்க பக்கம் அதுதான் பெரிய சங்கடமே.

மருந்து கெட்டதுன்னு சொல்ல வரல. கல்டார்ல இருக்கிற பக்ளோபியூட்ரசால் மரத்துல நீள வளர்ச்சிக்குக் காரணமான ஜிப்ரெலின் சுரக்கிறதைக் குறைக்குது, அதனால கொழுந்து அடங்கி பூ சீக்கிரம் வருது. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை மரத்துக்கு 10 கிராம் மூலப்பொருள், செப்டம்பர் முதல் பதினஞ்சு நாளுக்குள்ள. 25 சதவீத மருந்துன்னா 40 மில்லி. ஈரமான மண்ணுல, வேர்ப்பகுதியில சுத்திக் குழி எடுத்து ஊத்தணும்.

நடக்கிறது வேற. ஒரு வருஷக் குத்தகைக்காரர் அடுத்த வருஷம் அந்த மரம் என்ன ஆகும்னு பாக்க வேண்டிய தேவையே இல்ல. அளவைக் கூட்டி வருஷா வருஷம் ஊத்துவாங்க. அது மண்ணுல சீக்கிரம் கரையாது, மிச்சம் சேர்ந்துக்கிட்டே போகும். எனக்குத் தெரிஞ்ச ஒரு தோப்புல கணு இடைவெளி சுருங்கி இலையெல்லாம் ரோஜாப்பூ மாதிரி நுனியில குமிஞ்சு கிடக்கு. பூங்கொத்து கைமுட்டி அளவுதான், அதுக்குள்ள காத்து போகாம சாம்பல் நோய் அடிச்சுத் தீயுது. அந்த மரத்தை இப்ப வெட்டினாலும் துளிர்க்க மாட்டேங்குது.

பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னதுக்கு என் பதில்: கல்டார் வளர்ச்சியை நிறுத்தும், ஏற்கனவே 30 அடி போன மரத்தைக் கீழ இறக்காது. உள்ள இருக்கிற இருட்டு அப்படியே இருக்கும். 25 வருஷம் குத்தகையில இருந்த தோப்புன்னு சொல்றீங்க, இதுவரைக்கும் என்ன ஊத்தினாங்கன்னு முதல்ல விசாரிங்க. கணு நெருங்கிக் கிடந்தா இந்த வருஷம் ஒரு சொட்டு கல்டார்கூட வேண்டாம். தொழு உரம் போடுங்க, தண்ணி விடுங்க, துளிர் வரட்டும்.

---

பர்கூர்_மா | ஜூலை 8, இரவு 7.35

இன்னைக்குப் போய்ப் பாத்தேன். மேற்கு ஓரம் ரெண்டு வரிசையில நீங்க சொன்ன மாதிரிதான் இருக்கு. கணு விரக்கடை அளவுகூட இல்ல, இலை நுனியில கொத்தா நிக்குது. மத்த வரிசையெல்லாம் பரவால்ல. அந்த ரெண்டு வரிசையை இந்த வருஷம் காஞ்சது மட்டும் எடுத்துட்டு உரம், தண்ணியோட விட்டுடறேன்.

கிழக்குல நாலு மரம் ரொம்ப மோசம். 35 அடி இருக்கும், கீழக் கிளையே இல்ல. நடுவைத் திறந்தா மரமே மிஞ்சாது. அதை என்ன பண்றது?

---

பச்சைத்தழை | ஜூலை 8, இரவு 10.00

அந்த நாலுக்கு மட்டும் புத்துயிர்க் கவாத்து. முதன்மைக் கிளைகளில் நல்ல கோணத்தில் விரிந்த மூன்று நாலை வைத்துக்கொண்டு, அவற்றை 10லிருந்து 12 அடி உயரத்தில் வெட்டுங்கள். இரண்டு வருஷம் காய் இருக்காது என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். முடிந்தால் கிழக்குப் பக்கம் ஒரு கிளையை மட்டும் இலையோடு விட்டு, அதை அடுத்த வருஷம் எடுங்கள். மரத்துக்கு உணவு தயாரிக்க அது உதவும். இப்படி வெட்டுகிற மரம் எதுவானாலும் தோப்பு முழுக்க ஒரே வருஷம் வேண்டாம், ஐயா சொன்ன எச்சரிக்கை இங்கேதான் பொருந்தும்.

வெட்டிய இடத்துக்குக் கீழே புதராகத் துளிர்க்கும். அரையடி, முக்காலடி வந்ததும் கலைத்து, கிளைக்கு எட்டுப் பத்து விடுங்கள். அடுத்த வருஷம் அதிலும் பாதியைக் குறையுங்கள். இந்தக் கலைப்பைச் செய்யாமல் விட்டால் மூன்றே வருஷத்தில் பழைய இருட்டு திரும்பும், வெட்டியதற்கே அர்த்தமில்லை. முதல் வருஷம் முழுக்க மாதம் ஒரு தடவை தண்டைச் சுற்றிப் பாருங்கள். மரத்தூள் கொட்டியிருந்தால் துளைப்பான் உள்ளே இருக்கிறது. கம்பியை விட்டுக் குத்தி எடுத்து, பஞ்சில் மருந்து நனைத்துத் துளையில் வைத்து, களிமண்ணால் அடைத்துவிடுங்கள்.

மற்ற மரங்களுக்கு மூன்று வருஷக் கணக்கு. இந்த ஜூலை நடுக்கிளை, அடுத்த ஜூலை பின்னிய பக்கக் கிளைகள், அதற்கடுத்து எஞ்சிய உயரம். 30 அடி இடைவெளியில் 18 அடி உயரம் நின்றால் போதும். அதன்பின் நத்தம் நண்பர் சொன்ன நுனி வெட்டு மட்டும் வருஷா வருஷம்.

---

தோப்புக்காரன் | ஜூலை 9, காலை 6.15

இப்படிச் சொன்னா எனக்கும் சம்மதம்தான். வருஷத்துக்கு ஒரு கிளைன்னா மரம் தாங்கும். தண்ணியும் இருக்கு உங்ககிட்ட.

ரெண்டு சங்கதி சேர்த்துக்குங்க. ஒண்ணு, வெட்டின மரத்துக்கு உரமும் தண்ணியும் செப்டம்பர், அக்டோபரோட நிறுத்திடுங்க. நவம்பர்ல யூரியாவைப் போட்டுத் தண்ணி கட்டினா மறுபடி கொழுந்து கிளம்பிடும். பிஞ்சு பட்டாணி அளவு வந்தப்புறம் தண்ணி திறங்க. இன்னொண்ணு, வெட்டின கனத்த கட்டையைத் தோப்புக்குள்ள போட்டு வெக்காதீங்க, துளைப்பான் அதுலதான் பெருகும். விறகுக்காரனைக் கூப்பிட்டு அன்னைக்கே ஏத்துங்க. வெட்டுகூலியில ஒரு பங்கு அதுலயே வந்துடும்.

---

சந்தூர்_செந்தூரா | ஜூலை 9, பகல் 12.50

இவ்வளவு நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன். எங்களால சொந்தமாப் பாக்க முடியாது, குத்தகைக்குத்தான் விட முடியும். குத்தகைக்காரர் கவாத்துக்கு ஒத்துக்க மாட்டேங்கிறார், "கிளை போனா காய் போச்சு"ங்கிறார். அவர் பக்கத்துல இருந்து பாத்தா அதுவும் நியாயம்தான். எங்களை மாதிரி ஆளுங்க என்ன பண்றது?

---

காவேரிப்பட்டணம்_தோட்டம் | ஜூலை 9, மாலை 6.30

சந்தூர் அண்ணா, ஒரு வருஷக் குத்தகையை விட்டுட்டு மூணு வருஷமாப் பேசுங்க. மூணு வருஷம் காய் எடுக்கிறவருக்கு மரம் நல்லா இருக்கணும்ங்கிற அக்கறை தானா வரும். எங்க அண்ணன் தோப்புல அப்படித்தான் எழுதியிருக்காங்க: ஜூலை கடைசிக்குள்ள தோப்பு உடமைக்காரர் கையில வந்துடணும், கவாத்து உடமைக்காரர் செலவு, எந்த மரத்துல எந்தக் கிளைன்னு ரெண்டு பேரும் சேர்ந்து நடந்து சுண்ணாம்பால குறி போட்டு வெட்டணும், கல்டார் மாதிரி வளர்ச்சியை அடக்குற மருந்து உடமைக்காரர் முன்னாடிதான் ஊத்தணும், அளவு பரிந்துரைக்கு மேல போகக்கூடாது. முதல் வருஷக் குத்தகையில கொஞ்சம் விட்டுக் கொடுத்தாங்க, கவாத்துல குறையற காய்க்கு அது ஈடு. வாய்ப்பேச்சு வேண்டாம், பத்திரத்தாள்ல எழுதிக்குங்க.

பர்கூர் தம்பி, ஆள் வேணும்னா இப்பவே சொல்லி வைங்க. செயின்சா ஆளுங்க ஆகஸ்டு வந்தா கிடைக்க மாட்டாங்க. கிளிமூக்கு வரிசையை முதல்ல முடிச்சுட்டு, நீலத்துல காய் இறங்கினதும் அங்க போங்க. ஆகஸ்டு பதினஞ்சுக்கு மேல ஒரு மரமும் தொடாதீங்க, மிச்சம் இருந்தா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.